சேலத்து மாடியிலும் ஏற்காட்டு மலையிலும்: முதல் தொலைநோக்கிக்கு ஐபீஸ், ஃபில்டர் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலைத் தொலைநோக்கிகள் சிலவற்றின் அட்டைப்பெட்டியில் "525 மடங்கு" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று கணக்கிட்டுப் பார்த்தாலே, கண்ணருகே பொருத்தும் ஐபீஸ் என்ற சிறு லென்ஸ் குழலை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி விளங்கிவிடும். தொலைநோக்கியின் குவியத் தூரம் 700 மி.மீ.; பெட்டிக்குள் தரப்படும் மிகச் சிறிய ஐபீஸின் குவியத் தூரம் 4 மி.மீ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 175 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கிறது. கூடவே உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை லென்ஸையும் போட்டுத் தருவதால், 175ஐ 3ஆல் பெருக்கி 525 என்று அச்சிட்டுவிடுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் 76 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஆடி திரட்டும் ஒளியை வைத்துக்கொண்டு 525 மடங்கில் உருப்படியாக எதையும் பார்க்க முடியாது. அவ்வளவு பிரகாசமான நிலாகூட அந்த அளவில் மங்கி, கரை தெரியாமல் தளும்பும் சாம்பல் நிறத் திட்டாகவே தெரியும்.

காரணம் இதுதான். தொலைநோக்கியின் முன்புறமுள்ள பெரிய லென்ஸோ, குழாயின் அடியிலுள்ள குழியாடியோ வானத்து ஒளியைத் திரட்டிக் குவியத்தில் ஒரு சிறு பிம்பத்தை உருவாக்குகிறது. அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே கண்ணருகே பொருத்தும் ஐபீஸின் வேலை. பிம்பத்தில் எவ்வளவு ஒளி, எவ்வளவு நுணுக்கம் இருக்கும் என்பதை முன்புற விட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. டிகாக்ஷன் இறங்கிய பிறகு எவ்வளவு பால் ஊற்றினாலும் காபியின் அளவுதான் கூடுமே தவிர திடம் கூடாது; உருப்பெருக்கமும் அத்தகையதே. வானில் கோணங்களை அளப்பதற்கு ஒரு பாகையை 60 வில்நிமிடங்களாகவும், ஒரு வில்நிமிடத்தை 60 வில்விநாடிகளாகவும் பிரிப்பார்கள். முழுநிலா ஏறத்தாழ 30 வில்நிமிட அகலம் கொண்டது. 70 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 1.7 வில்விநாடி என்றால், 130 மி.மீ. ஆடிக்கு அது சுமார் 0.9 வில்விநாடி. எவ்வளவு விலையுயர்ந்த ஐபீஸை மாட்டினாலும் இந்த எல்லை நகராது. பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல்வரம்பு, மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தின் இரு மடங்கு என்று அனுபவத்தில் வகுத்த விதியும் இதையொட்டியதே: 70 மி.மீ. தொலைநோக்கிக்கு 140 மடங்கு, 130 மி.மீ. தொலைநோக்கிக்கு 260 மடங்கு. அதையும் காற்று மிக அமைதியாக இருக்கும் இரவுகளில்தான் எட்ட முடியும்.

உருப்பெருக்கத்தைக் காட்டிலும் தேர்வுக்கு உதவும் இன்னோர் எண் உண்டு. அதைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பகலில், சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் வெளிச்சமான வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பிவைத்து, ஐபீஸிலிருந்து ஒரு முழம் பின்னால் நின்று பார்த்தால், அதன் நடுவே ஒரு சிறிய வெள்ளை வட்டம் மிதப்பது தெரியும். தொலைநோக்கி திரட்டிய ஒளி முழுவதும் கற்றையாகச் சுருங்கி அந்த வட்டத்தின் வழியாகத்தான் கண்ணுக்குள் நுழைகிறது. இந்த வெளிவரும் கற்றையின் விட்டத்தைக் கணக்கிடுவது எளிது: தொலைநோக்கிக் குழாயில் எஃப்/10 என்றோ எஃப்/5 என்றோ குவிய விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) எழுதப்பட்டிருக்கும், ஐபீஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும். இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயது கூடக்கூட அது 5 மி.மீ. அளவுக்குக் குறையும். கற்றை பாவையைவிடப் பெரிதாக இருந்தால் மிஞ்சிய ஒளி கண்ணுக்குள் போகாமல் வீணாகிறது. கற்றை அரை மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கினால் படம் இருண்டு, கண்ணுக்குள் மிதக்கும் துகள்களின் நிழல்கள்கூடக் குறுக்கிடத் தொடங்கும். இடையில், 4 முதல் 6 மி.மீ. வரையான கற்றை நெபுலாக்கள் எனும் பரந்த வாயு மேகங்களுக்கும் பால்வீதியை மேய்வதற்கும், 2 முதல் 3 மி.மீ. விண்மீன் கொத்துகளுக்கும் அண்டங்களுக்கும் (கேலக்ஸிகள்), 1 மி.மீ.யை ஒட்டிய கற்றை நிலாவுக்கும் கோள்களுக்கும் ஏற்றவை.

நம் ஊர்களில் பலர் முதலில் வாங்கும் இரண்டு தொலைநோக்கிகளில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒன்று 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட லென்ஸ் வகை. குவிய விகிதம் எஃப்/10. அதில் 25 மி.மீ. ஐபீஸ் 28 மடங்கையும் 2.5 மி.மீ. கற்றையையும் தரும், 10 மி.மீ. ஐபீஸ் 70 மடங்கையும் 1 மி.மீ. கற்றையையும் தரும், 6 மி.மீ. ஐபீஸ் சுமார் 117 மடங்கைத் தரும், கற்றை 0.6 மி.மீ. ஆகிவிடும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றொன்று 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடி வகை. குவிய விகிதம் எஃப்/5. அதே 25 மி.மீ. ஐபீஸ் இதில் 26 மடங்கையே தந்தாலும் கற்றை 5 மி.மீ. ஆகிவிடுகிறது. அதே 10 மி.மீ. ஐபீஸ் 65 மடங்கையும் 2 மி.மீ. கற்றையையும் தருகிறது, 1 மி.மீ. கற்றையை எட்ட இதற்கு 5 மி.மீ. ஐபீஸ் வேண்டும். உருப்பெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தாலும், ஒரே ஐபீஸ் இரண்டு தொலைநோக்கிகளில் இரண்டு விதமான வேலைகளைச் செய்வது இதிலிருந்து புலப்படும். ஆகவே, நண்பர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஐபீஸை அப்படியே வாங்குவதற்கு முன், அவருடைய தொலைநோக்கியின் குவிய விகிதத்தைக் கேட்டறிவது அவசியம்.

முதலில் வாங்க வேண்டியது குறைந்த உருப்பெருக்கம் தரும் நல்ல ஐபீஸ்தான். இதைச் சொன்னால் புதியவர்கள் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். ஆனால் வானத்தில் ஒரு பொருளைத் தேடிப் பிடிப்பதே முதல் சில மாதங்களின் பெரும் சிரமம் என்பதைச் சில இரவுகளிலேயே அவர்கள் உணர்ந்துவிடுவார்கள். ஐபீஸுக்குள் தெரியும் வட்டம் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பதைத் தோற்றப் புலம் என்று வைத்துக்கொண்டால், அதை உருப்பெருக்கத்தால் வகுத்து, வானில் உண்மையில் எத்தனை பாகை அகலம் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம். 50 பாகைத் தோற்றப் புலம் கொண்ட சாதாரண ஐபீஸ் 28 மடங்கில் சுமார் 1.8 பாகை வானத்தைக் காட்டும். அதாவது மூன்றரை முழுநிலாக்களை வரிசையாக அடுக்கக்கூடிய அகலம். கார்த்திகைக் கூட்டத்தின் முக்கிய விண்மீன்கள் அனைத்தும் அதற்குள் அழகாக அடங்கிவிடும். அதே ஐபீஸ் வகையில் 140 மடங்குக்குப் போனால் புலம் சுமார் 21 வில்நிமிடமாகச் சுருங்கி, நிலாவின் முழு உருவமே உள்ளே அடங்காது. புவி சுழல்வதால் வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு விண்மீன் நிமிடத்துக்கு 15 வில்நிமிடம் நகர்கிறது. 28 மடங்கில் அது புலத்தைக் கடக்க ஏறத்தாழ ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும், 140 மடங்கிலோ ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். மோட்டார் இல்லாத தாங்கியில் வைத்துக் குடும்பத்தில் நால்வர் மாறி மாறிப் பார்க்கும்போது, மூன்றாமவர் குனிவதற்குள் சனிக்கோள் போய்விடுவது இதனால்தான்.

நடுத்தர உருப்பெருக்கம், அதாவது 60 முதல் 80 மடங்கு வரை, பெரும்பாலோர் எதிர்பார்ப்பதைவிட அதிகம் காட்டும். எதிர்நிலையில், அதாவது சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கும்போது, வியாழனின் அகலம் சுமார் 45 வில்விநாடி. 40 மடங்கு பெருக்கினாலே அது வெறுங்கண்ணால் பார்க்கும் முழுநிலாவின் அளவுக்கு வந்துவிடும். 70 மடங்கில் அதன் இரண்டு முக்கியப் பட்டைகளும் நான்கு பெரிய நிலாக்களும், சனியின் வளையமும் டைட்டன் நிலாவும் தெளிவாகத் தெரியும். நம் திருமணங்களில் மணமக்களுக்குக் காட்டும் வசிட்டர், அருந்ததி இணையை இந்த ஐபீஸில் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 12 வில்நிமிடம் என்பதால் இரண்டும் ஒரே புலத்தில் நிற்கும். வசிட்டரே இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து, 14 வில்விநாடி இடைவெளியில் ஒரு துணையுடன் தெரியும். புதிய ஐபீஸ் ஒன்றை வாங்கி வந்தவுடன், இந்த இணையைப் புலத்தின் நடுவில் ஒருமுறையும் ஓரத்தில் ஒருமுறையும் வைத்துப் பார்த்தால், விண்மீன்கள் எவ்வளவு கூர்மையான புள்ளிகளாக நிற்கின்றன என்பதைக் கொண்டு அதன் தரத்தைக் கடைக்காரரின் சொல்லைவிட நம்பகமாக அறியலாம்.

உயர் உருப்பெருக்கத்துக்கான ஐபீஸை வாங்கும்போது சேலத்தின் அமைவிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வட அகலாங்கில் உள்ளது. கோள்கள் செல்லும் பாதை வான நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 23.5 பாகை வரை விலகிச் செல்லும். ஒரு கோள் அந்தப் பாதையின் தென்கோடியில் இருக்கும் ஆண்டிலும், நம் வானில் அது உச்சியடையும்போது 55 பாகை உயரத்தில் நிற்கும். அதே கோள் லண்டனில் 15 பாகைக்கு மேல் ஏறாது. தாழ்வான வானத்தில் ஒளி மிகத் தடித்த காற்று அடுக்கின் வழியே வர வேண்டியிருப்பதால் படம் கொதிப்பதுபோல் கலங்கும். ஐரோப்பிய நூல்களில் கோள்களுக்கு மிகக் குறைந்த உருப்பெருக்கமே போதும் என்று சில ஆண்டுகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை அந்த நிலையை மனத்தில் கொண்டது. நமக்கு எல்லா ஆண்டிலும் கோள்கள் போதிய உயரத்துக்கு வருகின்றன. ஆகையால் 130 மி.மீ. அல்லது 150 மி.மீ. ஆடி வைத்திருப்பவர் சேலத்தில் 150 முதல் 200 மடங்கு தரக்கூடிய ஓர் ஐபீஸை நம்பிக்கையுடன் வாங்கலாம். அதற்கு அடிக்கடி வேலை இருக்கும்.

ஆனால் மொட்டைமாடியின் கான்கிரீட் பகல் முழுவதும் வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை உமிழ்ந்துகொண்டிருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மாபேட்டையிலோ சூரமங்கலத்திலோ மாடியில் நின்று இரவு எட்டு மணிக்கு 150 மடங்கில் வியாழனைப் பார்த்துவிட்டு, ஐபீஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவது பொருந்தாது. அதே ஐபீஸை விடியற்காலையில் போட்டுப் பார்க்க வேண்டும். முடிந்தால் மண் தரையில் தொலைநோக்கியை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஏ.சி. இயந்திரம் வெளியேற்றும் வெப்பக் காற்றுக்கு மேலே தெரியும் கோளைத் தவிர்க்க வேண்டும். தொலைநோக்கியையும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து, வெளிக் காற்றின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும்.

சேர்வராயன் மலைக்கு ஏறினால் கணக்கு மாறுகிறது. ஏற்காடு சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் தூசியும் தெருவிளக்கும் கீழே தங்கிவிடுகின்றன. சேலத்து மாடியில் 5 மி.மீ. கற்றை தரும் ஐபீஸைப் போட்டால் நெபுலாவோடு சேர்ந்து நகர வெளிச்சமும் அதே அளவில் பெருகி, பின்னணி சாம்பலாகிவிடும். எனவே நகரத்தில் விண்மீன் கொத்துகளை 2 மி.மீ. கற்றையில் பார்ப்பதே நல்லது. ஏற்காட்டிலோ பின்னணி கறுப்பாக இருப்பதால் 5 மி.மீ. கற்றையை முழுமையாகப் பயன்படுத்தலாம்: மார்கழி, தை மாதங்களில் ஓரியன் நெபுலாவின் சிறகு போன்ற விளிம்புகளும், ஆந்திரமேடா அண்டத்தின் நீண்ட ஒளிப்பரப்பும் 26 மடங்கில் நகரத்தில் ஒருபோதும் காணாத அளவுக்கு விரியும். வானம் இருட்டாக இருப்பதும் காற்று அமைதியாக இருப்பதும் வெவ்வேறு. மலைமுகட்டில் காற்று வீசும் இரவில் கோள்கள் சேலத்தைவிட மோசமாகத் தெரிவதும் உண்டு. மலைக்குப் போகும்போது பெட்டியில் முதலிடம் நீண்ட குவியத் தூர ஐபீஸுக்கே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலம் நகரம் ஏற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சுற்றுலாப் பயணிகள் ரசிக்கும் அந்த நகர விளக்குகள்தாம் தெற்கு அடிவானத்து வானத்தையும் வெளுக்கச் செய்கின்றன. நம் அகலாங்கின் பெரும் பேறு தென்வானம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்த இடத் தேர்விலும் தென்வானம் நன்கு தெரிவது ஒரு காரணமாக இருந்தது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோளக் கொத்து ஏற்காட்டில் சுமார் 31 பாகை உயரத்துக்கும், கரீனா நெபுலா ஏறத்தாழ 18 பாகை உயரத்துக்கும்தான் வரும். இரண்டும் சேலத்தின் வெளிச்சக் குடைக்கு மேலே நிற்கும். எனவே தெற்கே ஒரு மேடோ மரத்தோப்போ நகரத்து விளக்குகளை மறைக்கும் இடமாகப் பார்த்துத் தொலைநோக்கியை வைத்து, ஒமேகா சென்டாரிக்கு 2 மி.மீ. கற்றை தரும் ஐபீஸைப் பயன்படுத்தினால், பின்னணி இருண்டு, கொத்தின் ஓரங்களில் விண்மீன்கள் தூவியதுபோல் பிரிந்து தெரியும்.

இனி ஐபீஸ் வகைகள். மலிவான பெட்டிகளுடன் வரும் ஐபீஸில் எச் 20, எஸ்ஆர் 4 என்று பொறித்திருந்தால், முதலாவது 17ஆம் நூற்றாண்டில் ஹைகென்ஸ் வகுத்த இரண்டு லென்ஸ் அமைப்பு. இரண்டாவது ராம்ஸ்டன் அமைப்பின் ஒரு வடிவம். இரண்டிலும் புலம் குறுகியது, 4 மி.மீ. ஐபீஸின் கண்துளை ஊசிமுனை போலிருக்கும். கே என்ற எழுத்து 1849இல் வந்த கெல்னர் வகையைக் குறிக்கும். தொடக்கத்துக்கு அது மோசமில்லை. 1860இல் வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் சைமன் ப்ளாசல் வகுத்த, இரண்டு இணைகளாக நான்கு லென்ஸ்கள் கொண்ட வடிவம்தான் இன்றுவரை தொடக்கநிலைக்கு மிகச் சரியான தேர்வு. சுமார் 50 பாகைத் தோற்றப் புலம், ஓரம் வரை ஓரளவு கூர்மை, தாங்கக்கூடிய விலை ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. 66, 68, 82 பாகைப் புலம் கொண்ட அகல ஐபீஸ்கள் பார்க்க மிக இனிமையானவை. ஆயினும் விலை குறைந்த அகல ஐபீஸ், எஃப்/5 தொலைநோக்கியின் செங்குத்தான ஒளிக்கூம்பைச் சமாளிக்க முடியாமல் ஓரத்து விண்மீன்களைக் கோடுகளாக இழுத்துவிடும். அதே ஐபீஸ் எஃப்/10 தொலைநோக்கியில் நன்றாகவே வேலை செய்யும். ஆகவே 70 மி.மீ. லென்ஸ் வகை வைத்திருப்பவர் ஐபீஸில் சிக்கனம் பார்க்கலாம். எஃப்/5 ஆடி வைத்திருப்பவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கும்.

ப்ளாசலுக்கு ஒரு குறை உண்டு. அதில் கண்ணை வைக்க வேண்டிய தூரம் குவியத் தூரத்தின் ஏறத்தாழ 70 அல்லது 80 விழுக்காடுதான், 6 மி.மீ. ப்ளாசலில் கண்ணிமை லென்ஸில் உரசும் அளவுக்கு நெருங்க வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியக் குமிழைத் திருகினாலே தெளிவு வந்துவிடும். சிதறல்பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படலாம். அதுவும் கற்றை அகலமான குறைந்த உருப்பெருக்கத்தில்தான் பெரிதும் தேவைப்படும். கண்ணாடியுடன் பார்ப்பவர்கள் 15 முதல் 20 மி.மீ. கண்தூரம் தரும் ஐபீஸைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் தாத்தா, பாட்டியும் பார்ப்பார்கள் என்றால் இது வசதிக்கான செலவு என்று ஒதுக்கத்தக்கதன்று.

இரண்டு மடங்கு பார்லோ லென்ஸ் ஐபீஸின் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும். நீண்ட குவியத் தூர ஐபீஸின் கண்தூர வசதியையும் காப்பாற்றித் தரும். வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கு போட வேண்டும். 20, 10 மி.மீ. ஐபீஸ்கள் இருந்தால் பார்லோ அவற்றை 10, 5 ஆக மாற்றும். 10 ஏற்கெனவே இருப்பதால் ஒரு படி வீண். 25, 10 மி.மீ. இருந்தால் 12.5, 5 என்று இரண்டு புதிய படிகள் கிடைக்கும். 8 முதல் 24 மி.மீ. வரை மாறும் ஜூம் ஐபீஸும் உண்டு. நிலாவுக்கும் கோள்களுக்கும் அன்றைய காற்றுக்கு ஏற்ற மடங்கைத் திருகியே கண்டுபிடிக்கலாம் என்பது அதன் பெரும் வசதி. ஆனால் 24 மி.மீ. நிலையில் அதன் புலம் ஏறத்தாழ 40 பாகையாகக் குறுகிவிடுவதால், குறைந்த உருப்பெருக்கத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பொருந்தும் குழலின் விட்டத்தையும் பார்க்க வேண்டும்: இன்றைய பொது அளவு 1.25 அங்குலம். பழைய மலிவுத் தொலைநோக்கிகளில் 24.5 மி.மீ. குழல் இருக்கும், அதற்கு நல்ல ஐபீஸ் கிடைப்பது அரிது.

ஃபில்டர்களுக்கு வருவோம். எந்த ஃபில்டரும் ஒளியைக் கூட்டுவதில்லை, கழிக்கவே செய்கிறது. வேண்டாத ஒளியை வேண்டிய ஒளியைவிட அதிகமாகக் கழித்தால் மட்டுமே அதனால் நன்மை. பலர் முதலில் வாங்கும் நிலா ஃபில்டர் பிரகாசத்தைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடி. நிலாவின் ஒளியால் கண்ணுக்குத் தீங்கில்லை. கூசுவதைத் தவிர்க்க உருப்பெருக்கத்தைக் கூட்டினாலும் போதும், மாடி விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் போதும். வாங்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு முனைவாக்கித் தகடுகளைத் திருகி அளவை மாற்றும் வகையை வாங்கலாம்.

வண்ண ஃபில்டர்கள் தொகுப்பாக விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் வளையத்திலும் வண்ணத்தைக் குறிக்கும் ராட்டன் எண் பொறித்திருக்கும். எண் 80ஏ நீலம் வியாழனின் பட்டைகளைச் சற்று எடுப்பாக்கும். எண் 21 ஆரஞ்சு செவ்வாயின் கரும்பகுதிகளை எடுப்பாக்கும். எண் 8 வெளிர்மஞ்சள், எளிய லென்ஸ் தொலைநோக்கிகளில் பிரகாசமான பொருள்களைச் சுற்றித் தெரியும் ஊதா விளிம்பைக் குறைக்கும். தொகுப்பிலுள்ள எண் 25 சிவப்பு சுமார் 14 விழுக்காடு ஒளியையும், எண் 47 ஊதா சுமார் 3 விழுக்காடு ஒளியையும் மட்டுமே விடுவதால் 70 மி.மீ. தொலைநோக்கியில் அவை அனேகமாகப் பயனற்றவை. முழுத் தொகுப்பையும் வாங்காமல் ஒன்றிரண்டை மட்டும் தனியாக வாங்குவது மேல்.

ஒளிமாசு ஃபில்டர் என்ற பெயரில் விற்பது சேலத்தவரின் ஆசையை அதிகம் தூண்டும். தெருக்களில் மஞ்சள் சோடியம் விளக்குகள் எரிந்த காலத்தில், அவற்றின் ஒளி குறிப்பிட்ட சில அலைநீளங்களில் குவிந்திருந்ததால் அதை வெட்டியெடுக்க முடிந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் நிறமாலை முழுவதும் பரவி ஒளிர்கின்றன. விண்மீன்களும் அண்டங்களும் அப்படியே. பிரித்தெடுக்க வழியில்லை. நெபுலாக்களின் நிலை வேறு: அவற்றில் பல, இரட்டை அயனியான ஆக்சிஜன் வெளியிடும் 495.9, 500.7 நானோமீட்டர் அலைநீளங்களிலும், ஹைட்ரஜனின் 486.1 நானோமீட்டர் அலைநீளத்திலும் பெரும்பாலும் ஒளிர்கின்றன. இந்த மூன்றையும் விட்டு மற்றவற்றை அடைக்கும் யு.எச்.சி. ஃபில்டர்தான் தொடக்கநிலையாளர் பணம் போட்டு வாங்கத் தகுந்த ஒரே இரவு ஃபில்டர் என்பேன். ஓரியன், லகூன், ஸ்வான், கரீனா நெபுலாக்கள் அதில் பின்னணியிலிருந்து எழுந்து நிற்கும், 3 மி.மீ.க்கு மேற்பட்ட கற்றையும் இருட்டுக்குப் பழகிய கண்ணும் உடன் தேவை. ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும் ஓ-3 ஃபில்டர் கோள்வடிவ நெபுலாக்களில் இன்னும் வலுவாக வேலை செய்யும், ஆனால் சிறிய தொலைநோக்கியில் விண்மீன்களை மிகவும் மங்கச் செய்துவிடும். விண்மீன் கொத்துகளுக்கும் அண்டங்களுக்கும் இவற்றால் பயனில்லை. அந்தப் பணத்தை ஏற்காட்டுக்குப் பெட்ரோல் போடச் செலவழித்தால் எந்த ஃபில்டரும் தராத வானம் கிடைக்கும்.

சூரிய ஃபில்டர் விஷயத்தில் எந்தத் தளர்வும் கூடாது. ஐபீஸில் திருகும் சிறிய, கரிய "சன்" ஃபில்டர் சில பெட்டிகளில் இன்னும் வருகிறது. குவிந்த வெயிலின் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழுவதால் அது திடீரென்று வெடித்துவிடும். கண்ணை அகற்றுவதற்குள் பார்வை போய்விடும். அது கையில் கிடைத்தால் உடைத்துக் குப்பையில் போட வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே தயாரித்த, ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் மென்தகட்டை அல்லது கண்ணாடியைத் தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும்படி, காற்றில் கழன்று விழாதபடி பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அதில் ஊசித்துளையோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைநோக்கியின் மேலுள்ள சிறிய தேடுகுழாயையும் மூடிவிட வேண்டும். படமெடுக்க மட்டுமான மெல்லிய தகடும் சந்தையில் உண்டு. அது கண்ணுக்கு உரியதன்று.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. எஃப்/10 லென்ஸ் வகைக்கு 32 மி.மீ. ப்ளாசலில் தொடங்கலாம்; எஃப்/5 ஆடி வகைக்குப் பெட்டியோடு வரும் 25 மி.மீ. ஐபீஸ் பெரும்பாலும் ஓரளவு நன்றாகவே இருக்கும் என்பதால், கோள்களுக்கான 5 அல்லது 6 மி.மீ. ஐபீஸை முதலில் வாங்கலாம். ஒரு பருவம் முழுக்கப் பார்த்த பிறகு எந்த இடைவெளி உறுத்துகிறதோ அதை நிரப்ப மூன்றாவது ஐபீஸ் வாங்கலாம். யு.எச்.சி. அதற்கும் பிறகே.

ஏற்காட்டின் பனிமூட்டத்தில் ஐபீஸின் கண்பக்கக் கண்ணாடியில் விரைவில் ஈரம் படியும். அதைத் துணியால் துடைக்கக் கூடாது, மேல்பூச்சு கீறிவிடும். பயன்படுத்தாத ஐபீஸைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் உடல் சூட்டில் ஈரம் படியாது. தூசியை ரப்பர் ஊதியால் ஊதி அகற்றுவதே போதும். மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் ஐபீஸ்களையும் ஃபில்டர்களையும் உடனே பெட்டியில் அடைக்காமல், மூடிகளைக் கழற்றி மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வைக்க வேண்டும். ஈரத்தோடு பூட்டி வைத்த கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால், அது பூச்சை அரித்துவிடும், பிறகு எந்தத் திரவத்தாலும் அதை மீட்க முடியாது.